பெயர் பறிக்கப்பட்ட வீதிகள்: சின்சினாட்டியின் ‘ரைனுக்கு அப்பால்’

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சின்சினாட்டி நகரில் ‘ஓவர் த ரைன்’ என்றொரு பகுதி உண்டு. ரைனுக்கு அப்பால் என்று பொருள். ரைன் ஓடுவது ஜேர்மனியில். இங்கே இருந்தது மயாமி-ஈரி கால்வாய் மட்டுமே. கால்வாயின் வடகரையில் ஜேர்மனியர் வந்து குடியேறியதால் அதற்கு அவர்களது ஊர் நதியின் பெயர் ஒட்டிக்கொண்டது.

1830களில் தொடங்கிய குடிவரவு, 1848 புரட்சி தோற்றபின் அரசியல் அகதிகளாலும் பெருகியது. கீழே கடை, மேலே வீடு என அவர்கள் கட்டிய செங்கல் மாடிகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. 1855இல் திறந்த ஃபின்ட்லே சந்தையில் இன்றும் வியாபாரம் நடக்கிறது. லாகர் பியர் குளிரில் பதப்பட வேண்டும் என்பதால் நிலத்தடியில் ஆழமாகத் தோண்டிய வளைவு அறைகளுக்குள் சுற்றுலாக்காரரை அழைத்துச் செல்கிறார்கள். பலரும் இந்தப் பியர்க் கதையோடு திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது வீதி மூலைகளில் இருக்கிறது.

1840 முதல் இந்நகரின் அரச பாடசாலைகளிலேயே ஜேர்மன் மொழி கற்பிக்கப்பட்டது. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் எல்லாம் தலைகீழானது. நகரின் சிம்பனி இசைக்குழுவை நடத்திய, வியன்னாவில் பிறந்த ஏர்ன்ஸ்ட் குன்வால்ட் கைதாகி, பின்னர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். பொது நூலகத்தின் அடுக்குகளிலிருந்து ஜேர்மன் நூல்கள் அகற்றப்பட்டன. 1918இல் நகரசபை வீதிகளின் பெயர்களையும் மாற்றியது. பிரேமன் வீதி ‘குடியரசு வீதி’ ஆனது. ஜேர்மன் வீதிக்குக் கிடைத்த பெயர் ‘இங்கிலிஷ் வீதி’. அவமதிக்கவே தேர்ந்த பெயர் போலத் தோன்றுகிறது. 1919இல் ஆரம்ப வகுப்புகளில் ஜேர்மன் கற்பிப்பதை ஒஹாயோ சட்டம் போட்டுத் தடுத்தது. இத்தகைய சட்டங்கள் செல்லாது என உச்ச நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் மொழி வகுப்பறையை விட்டும், பெரும்பாலும் வீட்டை விட்டும் போயிருந்தது.

1920இல் வந்த மதுவிலக்கு பியர் ஆலைகளை மூடியது. கால்வாயையும் வற்றவைத்து, அதன் தடத்தில் சுரங்க ரயில் பாதை அமைக்கத் தொடங்கினார்கள், அது முடிக்கப்படவேயில்லை. மேலே போட்ட அகன்ற சாலையில்தான் இன்று வாகனங்கள் ஓடுகின்றன.

பிற்காலத்தில், சில மூலைகளில் பழைய பெயரையும் அது மாற்றப்பட்ட காரணத்தையும் சொல்லும் சிறு பலகைகளை வைத்தார்கள். அவற்றை நின்று வாசிப்பவர்களில் ஜேர்மன் வம்சாவளியினர் இப்போது அங்கே வசிப்பவர்கள் அல்லர். அவர்கள் போனபின் அப்பலாச்சிய மலைப்பகுதி ஏழைகளும், பிறகு கறுப்பின மக்களும் அந்த வீடுகளில் வாழ்ந்தார்கள். 2001இல் ஆயுதமற்ற கறுப்பின இளைஞர் ஒருவரைப் பொலிஸார் சுட்டுக்கொன்றதை அடுத்துக் கலவரம் வெடித்ததும் இங்கேதான். இன்று கட்டடங்கள் அழகாகத் திருத்தப்படுகின்றன. வாடகை ஏறுகிறது; கட்டமுடியாதவர்கள் வெளியேறுகிறார்கள்.