மிரர் படகு: மரமும் ஈரமும்

மிரர் என்பது 1963-இல் பிரிட்டனில் அறிமுகமான சிறு பாய்மரப் படகு. நீளம் 3.3 மீட்டர். படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் தச்சு முதலிய வீட்டு வேலைகளைக் கற்றுத்தந்த பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கினார்கள். டெய்லி மிரர் நாளிதழ் முன்னின்று பரப்பியதால்தான் அந்தப் பெயர். இதுவரை 70,000-க்கு மேல் கட்டப்பட்டுள்ளன.

ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளின்மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசின் பூசி ஒட்டுவது இதன் கட்டுமான முறை. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளும் தைத்தவையே. ஆனால் அவற்றில் பலகைகளைக் கடைசிவரை பிடித்திருந்தது கயிறு. மிரரில் பிசின் இறுகியதும் பாரம் நாடாவுக்கு மாறிவிடுகிறது.

பலகை அடித்த பழைய படகு தண்ணீரில் ஊறினால் மரம் உப்பி இடுக்குகள் அடைபடும். ஒட்டுப்பலகையிலோ ஈரம் புகுந்தால் அடுக்குகள் பிரியும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நிலைத்தால் பூஞ்சை மரத்தை அரிக்கத் தொடங்கும். இதில் கடல்நீரைவிட மழைநீரே கொடியது, உப்பு பூஞ்சையை ஓரளவு மட்டுப்படுத்துவதால். ஆகவே மரப்படகைப் பேணுவது பெரும்பாலும் அதை உலர்த்தி வைப்பதுதான்.

பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த படகைச் சீர்செய்ய, முதலில் அதைக் கவிழ்த்துவைத்து, மிதப்புக்கான காற்றறைகளின் மூடிகளைத் திறந்துவிட வேண்டும். திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடம் மந்தமாகக் கேட்கும். அங்கே ஊசியால் குத்தினால் முனை எளிதில் இறங்கும். பலகையின் வெட்டு விளிம்புகள், திருகாணித் துளைகள், நாடாவின் ஓரங்கள் ஆகியவற்றைத் தவறாமல் சோதிக்க வேண்டும். உளுத்த பகுதியை நல்ல மரம் வரும்வரை வெட்டியெடுத்து, முற்றும் உலரவிட்டு, விளிம்பைச் சாய்வாகச் சீவி, புதுத் துண்டை எப்பாக்ஸியால் ஒட்டலாம். அவசரப்பட்டு ஈர மரத்தின்மேல் வார்னிஷ் பூசுவது நோயை உள்ளே வைத்துத் தைப்பது போன்றது. மரம் உலர்ந்தபின், வார்னிஷின் முதல் பூச்சை நீர்க்கக் கலந்து, வெட்டு விளிம்புகள் நன்றாகக் குடிக்கும்படி பூச வேண்டும். பிறகு ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே உப்புத்தாள் தேய்ப்பு.

பாயின் தையல், கயிறுகளின் தேய்மானம், சுக்கானின் கொக்கிகள் ஆகியவற்றைப் பார்ப்பது விரைவில் முடியும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் முனைகளில் துணியை ஓட்டினால், அறுந்த இழை சிக்கிக் காட்டிக்கொடுக்கும். அத்தகைய கம்பியை மாற்றியே ஆகவேண்டும்.

வடிகால் அடைப்பான்களைச் செருகி, முதலில் முழங்கால் ஆழத்தில் மிதக்கவிட்டு, கரையேற்றிக் காற்றறைகளைத் திறந்து பார்க்க வேண்டும். அவை உலர்ந்திருந்தால், இளங்காற்று நாளில் கரையோரமாகவே பாய் விரிக்கலாம். திரும்பியதும் நன்னீரால் கழுவி, பஞ்சால் ஒற்றி, அடைப்பான்களைக் கழற்றி, காற்றுப் புகும்படி மூடிவைக்க வேண்டும்.