வீட்டு வெந்நீர் அமைப்புகள் (தேனி, கம்பம் பள்ளத்தாக்கு)

வீட்டு வெந்நீர் அமைப்பு என்பது ஓரிடத்தில் நீரைச் சூடாக்கி, குழாய் வழியாகக் குளியலறைக்கும் சமையலறைக்கும் அனுப்பும் ஏற்பாடு ஆகும். குளிர்நாடுகளில் இவ்வாறு சூடாக்கிய நீரைக் கொண்டே அறைகளையும் சூடாக்குவர். அது மைய வெப்பமூட்டல் எனப்படும். தேனி மாவட்டச் சமவெளியில் அறையைச் சூடாக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலிலும், மார்கழி, தை மாத விடியலிலும் குளிக்க வெந்நீர் வேண்டும். எந்த அமைப்பு ஏற்றது என்பதை விலை மட்டும் தீர்மானிப்பதில்லை. நீரின் தன்மை, குளியலறையின் காற்றோட்டம், மின்கட்டணம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

தேவையான வெப்பம்

நான்கு பேர் வாளியில் குளிக்கச் சுமார் 100 லிட்டர் வெந்நீர் போதும். அந்த நீரை 25 பாகை செல்சியசிலிருந்து 45 பாகைக்கு உயர்த்த 2,000 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். இது ஏறத்தாழ 2.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமம்.

விறகு பாய்லர்

நடுவில் நெருப்புக் குழாயும் சுற்றிலும் நீரும் கொண்ட செப்புப் பாய்லர் பழைய முறை. தென்னந்தோப்புள்ள வீடுகளில் மட்டை, பாளை, சிரட்டை ஆகியவை எரிபொருளாகின்றன. புகை வெளியேற, இதைத் திறந்தவெளியிலேயே வைக்க வேண்டும்.

மின் வெந்நீர்க் கலன்

நிறுவ எளிது, மழை நாளிலும் இயங்கும். நாளொன்றுக்கு 2.3 யூனிட் என்றால் இரு மாதக் கணக்கில் சுமார் 138 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு இலவசமாகக் கிடைப்பது ஒரு குறிப்பிட்ட அளவு மின்சாரம்தான். நட்சத்திரக் குறியீடு கூடுதலாக உள்ள கலனில் வெப்ப இழப்பு குறைவு. முறையான எர்த் இணைப்பும் மின்கசிவுத் துண்டிப்பானும் கட்டாயம் வேண்டும்.

எரிவாயு கீசர்

தேவைப்படும்போது உடனே வெந்நீர் தரும். மேற்சொன்ன 100 லிட்டருக்குச் சுமார் 230 கிராம் எரிவாயு செலவாகும், 14.2 கிலோ சிலிண்டர் இரு மாதம் வரும். எனினும் ஆபத்து மிகுந்தது இதுவே. மூடிய சிறு குளியலறையில் எரிவாயு எரியும்போது ஆக்சிசன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. எரிவாயு கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இது இணைகிறது. தலைவலி, தலைசுற்றல் தோன்றிச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம்; உயிரும் போகலாம். எனவே கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்தி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவர வேண்டும். ஒருவர் மயங்கினால் கதவைத் திறந்து, எரிவாயுவை நிறுத்தி, அவரை வெளியே கொண்டுவந்து 108-ஐ அழைக்க வேண்டும்.

சூரிய வெந்நீர் அமைப்பு

இதில் இரு வகை உண்டு. தட்டைத் தகடு வகையில், கண்ணாடிக்குக் கீழே உள்ள மெல்லிய செப்புக் குழாய்களில் நீர் ஓடும். வெற்றிடக் குழாய் வகையில், இரட்டைச் சுவர் கொண்ட கண்ணாடிக் குழாய்களில் நீர் சூடாகும். இரண்டிலும் சூடான நீர் தானே மேலேறித் தொட்டியை அடைவதால் மோட்டார் தேவையில்லை. ஆனால் வீட்டின் குளிர்நீர்த் தொட்டி, சூரியத் தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். மேகமூட்டமான நாள்களுக்குத் துணை மின்சூடேற்றி தேவைப்படும்.

முல்லைப் பெரியாற்று நீரைவிட ஆழ்துளைக் கிணற்று நீரில் பொதுவாக உப்பு அதிகம். சூடாகும்போது அந்த உப்பு வெள்ளைப் படிவாகி மெல்லிய செப்புக் குழாயை அடைக்கும். அகன்ற கண்ணாடிக் குழாய் எளிதில் அடைபடாது. ஆனால் கல்லடியிலும், மலையடிவார ஊர்களில் குரங்குகளாலும் அது உடையலாம்.

தேர்வு

சோப்பு எளிதில் நுரைத்து, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு சேராவிட்டால் இரு சூரிய வகைகளும் பொருந்தும். உப்பு நீருக்கு வெற்றிடக் குழாய் வகை, அல்லது வெப்பப் பரிமாற்றி இணைத்த தட்டை வகை ஏற்றது. மொட்டை மாடியைப் பயன்படுத்த இயலாத வாடகை வீட்டுக்குச் சிறிய மின்கலன் போதும். வெளியே பொருத்த இடமில்லாத வீட்டில் எரிவாயு கீசரைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.