அந்த அக்காவுக்கு நான் சொன்ன பதில்

ஒரு வெள்ளிக்கிழமை இரவு. பாடல் ஓடிக்கொண்டிருந்தபோது நிலையத்துக்கு ஓர் அழைப்பு. பாட்டுக் கேட்டு வந்த அழைப்பில்லை.

“என் வீட்டுக்காரர் குடியை நிறுத்தணும்னு ஒரு கூட்டத்துக்குப் போனார் தம்பி. ஒரே தடவைதான். குடிக்கு முன்னால நம்மால ஒன்னும் முடியாதுன்னு முதல்ல ஒத்துக்கணுமாம். மீதியைக் கடவுள்கிட்ட விடணுமாம். எனக்கு இது சரிப்படாதுன்னு வந்துட்டார்.”

“உண்மையிலேயே விடணும்னு நினைச்சா போவார் அக்கா” என்றேன். கொஞ்ச நேரம் மௌனம். “சரி தம்பி” என்று வைத்துவிட்டார்.

பிறகு ஒரு நிகழ்ச்சிக்காக இதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான், நான் எவ்வளவு அவசரப்பட்டுவிட்டேன் என்று உறைத்தது.

அந்த அக்கா சொன்னது, 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பின் 12 படிகள் முறை. உலகெங்கும் எத்தனையோ பேர் அதனால் மீண்டிருக்கிறார்கள். ஆனால், அது ஒன்றுதான் வழி என்றில்லை.

குடியிலிருந்து மீண்ட ஜீன் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1975இல் பெண்களுக்காகவே ‘விமன் ஃபார் சோப்ரைட்டி’ அமைப்பைத் தொடங்கினார். குற்ற உணர்வில் ஏற்கெனவே குறுகிப்போயிருக்கும் பெண்ணுக்குத் தன்மதிப்பை மீட்டுத் தருவதே அதன் அடிப்படை.

1994இல் உருவான ‘ஸ்மார்ட் ரிக்கவரி’ குழுக்கள் உளவியல் பயிற்சிகளை நம்புகின்றன. அங்கே கடவுள் நம்பிக்கை நிபந்தனையல்ல. ‘நான் ஒரு குடிகாரன்’ என்று சொல்லிக்கொள்ளவும் தேவையில்லை. குடிப்பதால் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது. விட்டால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு எழுதச் சொல்கிறார்கள். குடிக்கும் வேட்கை எழும்போது, அது தானாக அடங்கும்வரை தாக்குப்பிடிக்கப் பழக்குகிறார்கள். சூதாட்டம், போதைப்பொருள் போன்றவற்றில் சிக்கியவர்களும் சேரலாம். குடும்பத்தாருக்கும் தனிக் கூட்டங்கள் உண்டு. இணையம் வழியாகவும் கலந்துகொள்ளலாம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும்.

இத்தகைய மாற்றுக் குழுக்களையும் 12 படிகள் முறையையும் ஒப்பிட்டு, உறுப்பினர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. எந்தக் குழுவாக இருந்தாலும், ஈடுபாட்டோடு பங்கேற்றவர்களுக்குக் கிடைத்த பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் குழுவைத் தேடும் முன் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

அக்கா, நீங்கள் மறுபடி அழைக்கவில்லை. இதைப் படிக்கிறீர்களா என்றும் தெரியாது. உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தைத்தான் வேண்டாம் என்றார். குடியை விட மாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை. தினமும் நேயர்களின் குரலைக் கேட்கும் எனக்குத்தான் அன்று அது காதில் விழவில்லை.