எதிராளியைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

வாவியோரத்து மணலில் கிளித்தட்டு விளையாட வரும் பிள்ளைகள் முதலில் பக்கம் பிரிக்கிறார்கள். ஏறக்குறைய ஒரே திறமையுள்ள இருவர் சோடியாக ஒதுங்கிப் போய், இரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். தலைவர் ஒரு பெயரைக் கேட்பார். அந்தப் பெயருக்குரியவர் அவர் பக்கம், மற்றவர் எதிர்ப்பக்கம். இதை 'உத்தி பிரித்தல்' என்பார்கள். எந்தப் பெயர் யாருடையது என்பது தலைவருக்குத் தெரியாது. பக்கம் பிரிப்பதால் எவருக்கும் இலாபமும் இல்லை. அதனாலேயே அது நியாயமானது.

இன்று எங்கள் தம்பிமார் கைத்தொலைபேசியில் பிரீ பயர், பப்ஜி போன்ற விளையாட்டுகளை விளையாடுகிறார்கள். அங்கே பக்கம் பிரிப்பது ஒரு கணினி நிரல். அது எப்படிப் பிரிக்கிறது என்பதை நாமும் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

இதன் வேர் சதுரங்கத்தில் இருக்கிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் ஈலோ, வீரர்களின் திறமையைப் புள்ளிகளால் அளக்கும் முறையொன்றை வகுத்தார். சர்வதேச சதுரங்கச் சம்மேளனம் 1970இல் அதை ஏற்றுக்கொண்டது. பலசாலியை வென்றால் அதிக புள்ளி கூடும். பலவீனமானவரிடம் தோற்றால் அதிக புள்ளி குறையும். இருவரின் புள்ளிகளும் சமமாயின் வெற்றி வாய்ப்பு பாதிக்குப் பாதி. 200 புள்ளி கூடியவருக்கு அது ஏறக்குறைய 76 வீதம். பல இணைய விளையாட்டுகள் இதே எண்ணத்தைத் தழுவியே எதிராளியைத் தேடித் தருகின்றன.

இதுவரை நியாயம்தான். ஆனால் இலவச விளையாட்டை நடத்தும் நிறுவனத்துக்கும் வருமானம் வேண்டும். ஆகவே சில விளையாட்டுகளில் புதியவருக்கு முதலில் மனிதர்களைப் போல நடமாடும் கணினிப் பொம்மைகளே எதிரிகளாக வருகின்றன. எளிதில் வென்ற பிள்ளைக்கு ஆசை வளர்கிறது. பிறகு உண்மையான வீரர்கள் எதிரே வரும்போது தோல்விகள் தொடங்குகின்றன. அந்த வேளையில் கடை திறந்தே இருக்கிறது. பிரீ பயரில் காசு கொடுத்துப் பெறும் 'வைரங்களால்' குலுக்கலில் கலந்து துப்பாக்கித் தோற்றங்களைப் பெறலாம். அவற்றில் சில துப்பாக்கியின் வலிமையையும் மாற்றுகின்றன.

2017இல் அக்டிவிஷன் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு காப்புரிமை பெற்றது. வாங்கும் ஆசையைத் தூண்டும் வகையில் வீரர்களைச் சோடி சேர்ப்பது எப்படி என்பதே அதன் பொருள். எந்த விளையாட்டிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று அந்நிறுவனம் கூறியது. ஆயினும் அப்படியொரு வழி இருக்கிறது என்பதை அந்த ஆவணமே காட்டுகிறது. 2018இல் பெல்ஜியம், என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் சில விளையாட்டுப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. இந்தக் கேள்வி எங்கள் வீடுகளுக்கும் உரியதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்லோரும் வெல்வதற்காக விளையாடுவதில்லை. பிரித்தானிய ஆய்வாளர் ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் விளையாடுவோரை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க விரும்புவோர், புதிய இடங்களைத் தேடித் திரிவோர், பேசிப் பழக வருவோர், பிறரை வீழ்த்துவதில் மகிழ்வோர். தூரத்தில் இருக்கும் மச்சியுடன் கதைப்பதற்காக விளையாடும் பிள்ளையையும், பிறரை வீழ்த்தவே வந்தவரையும் வெற்றி தோல்விக் கணக்கு ஒரே தராசில் நிறுத்துகிறது. புள்ளிகள் சமமானாலும் அவர்கள் இருவரும் சமமான சோடி அல்லர்.

என் தம்பி தோற்கும்போதெல்லாம், "எனக்கு விளையாடத் தெரியாது" என்று முகம் வாடினான். பிறகு, "ஒருதரம் மட்டும் ரீலோட் போட்டுத் தாங்க" என்று உம்மாவிடம் கெஞ்சினான். எதிராளி எப்படி வருகிறார் என்பதை அவனுக்கு விளக்கினேன். அவன் விளையாட்டை விடவில்லை; ஆனால் தோல்வியைத் தன் குறையாக எண்ணுவதும், காசு கேட்பதும் குறைந்துவிட்டன.

பெற்றோரே, தொலைபேசியைப் பறிக்கும் முன் பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நீ எதற்காக விளையாடுகிறாய்? உன் எதிராளியை யார் தேர்ந்தெடுத்தது? நீ தோற்றால் யாருக்கு இலாபம்? மூன்றாவது கேள்விக்கு விடை தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது கடினம்.