மூளையைக் காக்கும் மருந்து

பாரிச வாயு என்றும் பக்கவாதம் என்றும் நாம் வழங்கும் நோயை மராட்டியர் அர்தாங்கவாயு என்பர். இந்தி பேசும் ஊர்களில் லக்வா என்பர். பெயரைக் கேட்டால், உடலின் ஒரு பாதியில் வாயு புகுந்து கைகால்களைக் கட்டிவிட்டது போலத் தோன்றும். ஆனால் நோய் கைகால்களில் இல்லை. அவற்றை ஆட்டிவைக்கும் மூளையில் இருக்கிறது. இந்நோய் கண்டவுடன் மூளையை அழிவினின்று காக்கும் மருந்து உண்டா? விஞ்ஞானிகள் அதனைத் தேடிய வரலாறு யாது? அத்தேடலிலிருந்து வெளியூரில் வாழும் தமிழர் கற்க வேண்டுவது என்ன? இவற்றை இன்று காண்போம்.

மனித மூளை உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கேயாகும். ஆயினும் உடல் பெறும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது செலவிடுகிறது. சேமித்து வைக்கும் வழக்கமோ அதற்கு இல்லை. ஆகவே இரத்த ஓட்டம் நின்றால் சில நிமிஷங்களிலேயே மூளைக்குத் தட்டுப்பாடு நேர்கிறது. பக்கவாதம் இரு வகைப்படும். இரத்தக் கட்டி நாளத்தை அடைப்பது ஒன்று. நாளம் வெடித்து இரத்தம் கசிவது மற்றொன்று. அடைப்பினால் வருவதே பெரும்பான்மை. இங்கு நாம் பேசப் புகுவதும் அதனைப் பற்றியே.

காவிரிப் பாசன வயல்களைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஒரு கிளை வாய்க்கால் அடைபட்டால், அதனை மட்டுமே நம்பிய நடுவயல் முதலிற் காய்ந்து போகும். அதனைச் சுற்றியுள்ள வயல்களோ, அண்டை வாய்க்கால்களின் கசிவைக் கொண்டு, வாடியும் சாகாமலும் சிறிது காலம் நிற்கும். மூளையிலும் இவ்வாறே நிகழ்கிறது. அடைபட்ட நாளத்தின் நடுப்பகுதி விரைவில் அழிகிறது. அதனைச் சூழ்ந்த பகுதி, பக்கத்து நாளங்களின் சிறு உதவியால், செயல் இழந்தும் உயிர் இழவாமல் இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் ஆஸ்ட்ரப் என்பவரும் அவருடன் ஆராய்ந்தோரும் இப்பகுதிக்குக் கிரகணத்திலிருந்து ஒரு பெயரை எடுத்து இட்டனர். கருநிழலைச் சூழ்ந்த மங்கல் நிழலாகிய 'புறநிழல்' என்பதே அப்பெயர். நாம் மீட்கக்கூடியது இப்புறநிழலைத்தான். ஆனால் நேரம் செல்லச் செல்ல அது கருநிழலாக மாறுகிறது. பெரிய நாளம் ஒன்று அடைபட்ட சராசரி நோயாளிக்கு ஒவ்வொரு நிமிஷமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-ல் வெளியான ஒரு கணக்குக் கூறுகிறது.

அணுக்கள் எவ்வாறு அழிகின்றன என்பதையும் விஞ்ஞானிகள் படிப்படியாகக் கண்டனர். உயிருள்ள ஒவ்வொரு நரம்பணுவும் உப்புகளை உள்ளும் வெளியும் அளவோடு நிறுத்தி வைக்கிறது. அதற்குச் சக்தி வேண்டும். பிராணவாயு நின்றதும் சக்தி தீர்கிறது. சோடியமும் சுண்ணாம்புச் சத்தும் அளவின்றி உட்புகுகின்றன. அப்போது குளூட்டமேட் என்னும் இரசாயனப் பொருள் வெளியே கொட்டி, அண்டையிலுள்ள அணுக்களையும் மிதமிஞ்சித் தூண்டி அழிக்கிறது. பின்னர் நச்சுத்தன்மையுள்ள மூலக்கூறுகள் பெருகுகின்றன. வீக்கமும் அழற்சியும் தொடர்கின்றன. இச்சங்கிலியில் எந்தக் கண்ணியை அறுத்தாலும் மூளையைக் காத்துவிடலாம் என்ற நம்பிக்கை ஆராய்ச்சியாளரிடையே பிறந்தது.

அந்நம்பிக்கையின் அளவுக்கு ஒரு கணக்கே சான்று. 2006-ல் ஓர் ஆராய்ச்சிக் குழு, அதுவரை முயன்று பார்க்கப்பட்ட சிகிச்சைகளை எண்ணிப் பார்த்தது. அவை மொத்தம் 1,026. எலி முதலிய பிராணிகளிடத்தே அவற்றுட் பல நற்பயன் தந்தன. 114 மட்டுமே மனிதர்களிடம் சோதிக்கப்பட்டன. ஆயினும் உலகெங்கும் ஏற்கப்பட்ட மூளைக் காப்பு மருந்து ஒன்றும் அவற்றிலிருந்து கிட்டவில்லை. என்.எக்ஸ்.ஒய்.-059 என்ற மருந்தின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2006-ல் வெளியான முதற் பெருஞ்சோதனையில் அது சிறிது பயன் தருவதாகத் தோன்றியது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் மீண்டும் சோதித்து 2007-ல் முடிவு வெளியானபோது, அந்தப் பயனைக் காண முடியவில்லை. மருந்து கைவிடப்பட்டது.

எலியைக் காத்த மருந்து மனிதனைக் காவாதது ஏன்? ஆராய்ச்சிக்கூடத்து எலி இளமையானது, வேறு நோயில்லாதது. அதன் நாளம் இந்த நிமிஷத்தில் அடைக்கப்பட்டது என்பது ஆராய்ச்சியாளருக்குத் தெரியும். ஆகவே பல சோதனைகளில் அடைத்த சில நிமிஷங்களிலேயே மருந்து தரப்பட்டது. மனிதனோ முதியவன், சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உடையவன், மணிக்கணக்காகக் காலம் தாழ்த்தி மருத்துவமனைக்கு வருபவன். அதற்குள் புறநிழலில் பெரும்பகுதி கருநிழலாகி விடுகிறது. மற்றொரு காரணமும் உண்டு. வாய்க்கால் அடைபட்டிருக்கையில் எருவும் மருந்தும் கொண்டு வந்தால், அவை வயலுக்குட் சேர்வது எவ்வாறு? இரத்தம் செல்லாத இடத்துக்கு இரத்தத்தின் வழியே செல்லும் மருந்தும் போதிய அளவு செல்லாது.

ஆகவே வெற்றி முதலில் அடைப்பை நீக்கும் வழியில் வந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் என்னும் மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் செலுத்தினால், ஊனமின்றித் தேறுவோர் தொகை உயர்கிறது என்பதை 1995-ல் அமெரிக்காவில் 624 பேரிடம் நடந்த சோதனை காட்டியது. 2008-ல் வெளியான ஐரோப்பியச் சோதனை அக்காலத்தை நாலரை மணி வரை நீட்டியது. 2015-ல் வெளியான பல சோதனைகள், பெரிய நாளத்தின் கட்டியை மெல்லிய குழாய் வழியே வெளியே இழுத்தெடுக்கும் முறையின் சிறப்பை நிலைநாட்டின. தேர்ந்தெடுத்த சில நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரையிலும் அம்முறை பயன்படும் என்று 2018-ல் தெரிந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்தால் மூளையில் இரத்தக் கசிவு நேரும் அபாயமும் உண்டு. 1995-ஆம் ஆண்டுச் சோதனையில் மருந்து பெற்றோருள் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் அது நேர்ந்தது. ஆதலின் படம் எடுத்துப் பார்த்த பின்னரே மருத்துவர் அதனைச் செலுத்துவர்.

இவ்விடத்தில் பூனா நகரைக் குறிப்பிட வேண்டும். பாணேரிலிருந்து மேற்கே சென்று, மும்பை–பெங்களூர் நெடுஞ்சாலையைக் கடந்து போனால் ஹிஞ்ஜேவாடி வரும். கணிப்பொறித் தொழிலின் பொருட்டு நம்மவர் பலர் நாள்தோறும் செல்லும் இடம் அது. அங்கேயே ஜெனோவா என்னும் உயிரியல் மருந்து நிறுவனமும் இருக்கிறது. கட்டியைக் கரைக்கும் மற்றொரு மருந்தாகிய டெனெக்டெப்ளேஸை அந்நிறுவனம் வளர்ப்பு உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கிறது. ஆல்டெப்ளேஸைச் செலுத்தி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். டெனெக்டெப்ளேஸை ஒரே ஊசியில் சில விநாடிகளில் போட்டுவிடலாம். சிறிய ஊர் மருத்துவமனையில் ஊசி போட்டு நோயாளியைப் பெருநகருக்கு அனுப்புவதற்கு இது மிகவும் ஏற்றது. இவ்வகை மருந்தைப் பக்கவாதத்துக்கு வழங்க அமெரிக்கா 2025-ல்தான் அனுமதித்தது. இந்தியாவிலோ அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அனுமதி கிடைத்துவிட்டது.

அடைப்பை நீக்கும் வழி தெரிந்தபின், மூளைக் காப்பு மருந்துக்கு மறுவாழ்வு வந்தது. வாய்க்கால் திறந்ததும் எருவும் உட்செல்லும் அன்றோ? கனடாவில் உருவான நெரினெடைட் என்ற மருந்தை, கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையோடு சேர்த்து 1,105 பேரிடம் சோதித்தனர். 2020-ல் வெளியான முடிவில் மொத்தத்திற் பயன் தெரியவில்லை. ஆல்டெப்ளேஸ் பெறாதவர்களிடம் மட்டும் நலம் தோன்றியது. ஆல்டெப்ளேஸ் எழுப்பிவிடும் ஒரு நொதி நெரினெடைட்டைத் துண்டித்துவிடுகிறது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். ஆனால் ஆல்டெப்ளேஸ் பெறாதவர்களையே கொண்டு பின்னர் நடத்திய சோதனையும் கைகொடுக்கவில்லை.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்யும் அனில் குலாட்டி என்னும் விஞ்ஞானி உருவாக்கிய சோவடெல்டைட் என்ற மருந்து, இந்திய மருத்துவமனைகளில் 158 நோயாளிகளிடம் மூன்றாம் கட்டமாகச் சோதிக்கப்பட்டது. நோய் கண்ட 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, முதல் நாளும் மூன்றாம் நாளும் ஆறாம் நாளுமாக அது தரப்பட்டது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவருள் ஊனம் குறைந்தோர் மிகுதியாக இருந்தனர். 2023-ல் இந்தியா அதற்கு அனுமதி வழங்கியது. இது மகிழத்தக்க செய்தியே. ஆயினும் 158 பேர் என்பது சிறு தொகை. முதற் சோதனையில் வென்ற மருந்து பெருஞ்சோதனையில் தோற்றதை மேலே கண்டோம். ஆதலின் பெருஞ்சோதனைகளின் முடிவு வரும்வரை, நம்பிக்கையோடு நிதானமும் வேண்டும். ஜப்பான் 2001 முதல் வழங்கிவரும் எடரவோன் என்ற மருந்தும் இந்தியாவில் உண்டு. இவற்றுள் எதுவும் அடைப்பை நீக்கும் சிகிச்சைக்கு மாற்று ஆகாது. அதற்குத் துணையாகவே நிற்க முடியும்.

இவ்வளவு ஆராய்ச்சியும் நமக்குக் கூறும் உண்மை ஒன்றே. எத்தகைய மருந்தாயினும் உயிரோடிருக்கும் அணுவைத்தான் காக்கும், மாண்டதை எழுப்பாது. ஆகவே மருந்துக்கு வேண்டிய நேரத்தைத் தேடித் தருவது வீட்டிலுள்ளோர் கடமை. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ சோர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டைப் போலவே மகாராஷ்டிரத்திலும் அந்த எண் உண்டு. புறா இரத்தம் தேய்ப்பதிலும் எண்ணெய் தடவுவதிலும் பொழுதைப் போக்க வேண்டாம். கசிவா அடைப்பா என்று தெரியுமுன் ஆஸ்பிரின் மாத்திரையும் தர வேண்டாம். விழுங்குதல் தடைபட்டிருக்கக் கூடுமாதலால், வாயில் நீரும் ஊற்ற வேண்டாம். தலையை ஸ்கேன் எடுத்து உடனே கட்டி கரைக்கும் ஊசி போடும் மருத்துவமனை அருகில் எது என்பதை, நோயற்ற நாளிலேயே விசாரித்துக் குறித்து வையுங்கள்.

வெளிமாநிலத்தில் வாழ்வோர் கருத வேண்டுவது இன்னும் ஒன்று உண்டு. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த தாய்க்குத் தமிழ் மட்டுமே தெரிந்திருக்கலாம். அவர் பேச்சுக் குழறினால், அண்டை வீட்டாரும் மருத்துவமனை ஊழியரும் அதனைத் தெரியாத மொழி என்றே எண்ணக் கூடும். பேச்சு மாறிவிட்டதென்று அறிந்து சொல்லத் தமிழறிந்த ஒருவர் உடன் செல்ல வேண்டும். மகனும் மருமகளும் வேலைக்குச் சென்ற வேளையாயின், தொலைபேசியிலேனும் அதனைக் கூறவேண்டும். மருத்துவர் கேட்கும் முதற் கேள்வி, கடைசியாக நலமாக இருந்தது எத்தனை மணிக்கு என்பது. உறக்கத்தில் நோய் வந்திருந்தால், கண்விழித்த நேரத்தையன்று, படுக்கைக்குச் சென்றபோது நலமாயிருந்த நேரத்தையே சொல்லவேண்டும். அந்த ஒரு விடையைக் கொண்டே எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று அவர் ஆராயத் தொடங்குவார்.

ஹிஞ்ஜேவாடியில் தயாராகும் ஊசிமருந்து பாணேரிலுள்ள வீட்டுக்குச் சில மைல் தூரத்திலேயே இருக்கலாம். நோயாளி நேரம் தவறி வந்தால், அம்மருந்து அருகிலிருந்தும் பயனில்லை. மூளையைக் காக்கும் புதிய மருந்துகளை விஞ்ஞானிகள் தொடர்ந்து தேடட்டும். அவை வரும் நாளிலும், உரிய நேரத்தில் நோயாளியைக் கொண்டு சேர்ப்பவர்க்கே அவை பயன்தரும்.