ஸ்பினோசாவைக் கற்கத் தொடங்குவோர்க்கு

தத்துவ நூலொன்றை ஆவலோடு கையிலெடுத்து, முதற் பக்கத்திலேயே மனஞ் சோர்ந்து மூடிவைத்தவர் பலர். "இது நம் அறிவுக்கு எட்டாதது" என்று அவர்கள் தம்மையே நொந்துகொள்வர். எங்கிருந்து தொடங்குவது என்பதை யாரும் அவர்களுக்குக் கூறாமையே பெரும்பாலும் அதற்குக் காரணமாகும். ஒல்லாந்து தேசத்து ஞானி ஸ்பினோசாவின் நூல் இதற்குத் தக்க உதாரணம்.

1632ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் யூத குலத்திற் பிறந்த இவர், 1656இல் அச் சமூகத்தினின்றும் விலக்கப்பட்டார். கண்ணாடி வில்லைகளைத் தீட்டும் தொழில் செய்து எளிமையாக வாழ்ந்து, 1677இல் மறைந்தார். அவ்வாண்டிலேயே நண்பர்கள் வெளியிட்ட 'ஒழுக்கவியல்' அவரது தலையாய நூலாகும்.

ஐந்து பாகங்கள் கொண்ட இந்நூல் கேத்திரகணித நூலைப் போன்று அமைந்தது. தொடக்கத்தில் 8 வரைவிலக்கணங்கள், 7 வெளிப்படை உண்மைகள். அவற்றின் பின் தேற்றங்களும் நிறுவல்களும்! புதியவர் திகைப்பதில் வியப்பென்ன?

ஆதலின், அவர் முதலில் வேறொரு சிறு நூலை நாடுவாராக. அறிவைத் திருத்துதல் பற்றி ஸ்பினோசா எழுதி முற்றுப்பெறாது விட்ட நூலின் முதற் சில பக்கங்களே போதும். செல்வம், புகழ், சிற்றின்பம் ஆகிய மூன்றும் நிலையான நிறைவைத் தாராமை கண்டு, நீங்காத இன்பம் ஒன்றுண்டோ எனத் தேடப் புறப்பட்ட மனிதரை அங்கே காணலாம். அவரது வினாவை அறிந்தவர்க்கே அவரது விடை விளங்கும்.

அடுத்து, ஒழுக்கவியலின் முதற் பாகத்து இறுதியிலுள்ள பின்னிணைப்பைப் படிக்கலாம். யாவும் தமக்காகவே படைக்கப்பட்டன என மாந்தர் எண்ணுவதேன் என்பதை, நிறுவல்கள் இன்றிச் சாதாரண உரைநடையில் அங்கே ஆராய்கிறார். பின்பு மூன்றாம் பாகத்தின் முடிவுக்குச் செல்க. அன்பு, பகை, அச்சம், பொறாமை முதலிய உணர்ச்சிகளுக்கு அவர் வகுத்த 48 வரைவிலக்கணங்கள் அங்குள்ளன. நாளுக்கு ஒன்றாகக் கொப்பியில் எழுதித் தம் அனுபவத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் நன்று. புறத்தேயுள்ள ஒன்று காரணமென்னும் எண்ணத்தோடு கூடிய மகிழ்ச்சியே அன்பு என்கிறார் அவர். அது சரியோ தவறோ, நம் இல்லத்திலேயே சோதித்துப் பார்க்கலாம்.

ஓர் உணர்ச்சியை நாம் தெளிவாக விளங்கிக்கொள்ளுந்தோறும், அது நம்மை ஆளும் வலிமை குன்றும் என்பது ஐந்தாம் பாகத்தின் போதனை. ஒரு கணக் கோபத்தால் உடன்பிறந்தாரோடு பேச்சற்றுப் போய், பின் வருந்துவோர்க்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று.

இவ்வளவும் படித்தபின் முதற் பக்கத்துக்குத் திரும்புக. நாளொன்றுக்கு ஒரு தேற்றம் போதும்; விளங்காததைக் குறித்துவைத்து மேலே செல்லலாம். முன்பு மூடிவைத்த அதே பக்கம், இம்முறை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.