வேன் வராத வீடுகள்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர் சட்டத்தை நினைத்துத்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது.

காலை ஏழரை மணி. தெருமுனையில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது. ஒரு ஷூவைக் காணோம். டைரியில் அப்பாவின் கையெழுத்து வாங்கவில்லை. டிபன் பாக்ஸ் மூடி பொருந்தவில்லை. நாடு முழுக்க அன்றாடம் நடக்கும் இந்த யுத்தம் சில வீடுகளில் மட்டும் நடப்பதே இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் அப்போதுதான் கண் விழித்திருப்பார்கள், அல்லது மொட்டை மாடியில் எறும்பு வரிசை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு இன்று விடுமுறை அல்ல. பள்ளியே கிடையாது.

மும்பை, புனே, பெங்களூரு போன்ற நகரங்களில் இப்படிப்பட்ட குடும்பங்கள் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடித்துப் பூங்காக்களில் கூடுகின்றன, புத்தகங்களை மாற்றிக்கொள்கின்றன. ‘ஸ்வசிக்ஷண்’ என்ற பெயரில் அகில இந்திய அளவில் ஒரு சங்கம்கூட உருவாயிற்று. எண்ணிக்கையில் இவர்கள் சொற்பம். பள்ளியை விட்டு விலகுவதற்கான காரணங்களோ பல. மனப்பாடமும் டியூஷனும் பிடிக்காதவர்கள் உண்டு. எழுத்துகள் குழம்பும் பிள்ளையை வகுப்பில் மக்கு என்று ஒதுக்கியதைப் பொறுக்காதவர்கள் உண்டு. அடிக்கடி ஊர் மாற்றலாகும் உத்தியோகஸ்தர்கள், விளையாட்டிலோ சங்கீதத்திலோ முழுநேரம் இறங்கிவிட்ட பிள்ளைகளின் பெற்றோர் ஆகியோரும் இதில் அடக்கம். அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட் 1964-ல் எழுதிய ‘ஹவ் சில்ட்ரன் ஃபெயில்’ புத்தகத்தைப் படித்துவிட்டு இந்த முடிவுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். பள்ளிகளைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கையை இழந்த ஹோல்ட், பெற்றோர்களுக்காக 1977-ல் தனிப் பத்திரிகையே தொடங்கினார்.

ஒரே மேஜை, நான்கு வகுப்பு

ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்கவைப்பது ஒரு விஷயம். மூன்று நான்கு பிள்ளைகள் என்றால் அது வேறு விஷயம். இந்தியாவில் பெரிய குடும்பங்கள் வேகமாகக் குறைந்துவருகின்றன. ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1992-93 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 3.4. இதே எண்ணிக்கை 2019-21 ஆய்வில் 2.0 ஆகிவிட்டது. ஆனாலும் நாலு பிள்ளை வீடுகளும், அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து வாழும் வீடுகளும் இன்னும் இருக்கவே செய்கின்றன.

அப்படிப்பட்ட வீட்டில் பன்னிரண்டு வயதுக்காரிக்குப் பின்னக் கணக்கு, ஒன்பது வயதுக்காரனுக்கு இலக்கணம், ஆறு வயதுக்கு எழுத்துக் கூட்டிப் படித்தல். எல்லாம் ஒரே சாப்பாட்டு மேஜையில், ஒரே அம்மாவிடம். இதற்கு நடுவில் இரண்டு வயதுக் குட்டி கிரேயானைத் தின்றுகொண்டிருக்கும். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும். கேஸ் சிலிண்டர்காரர் மணி அடிப்பார். அவர் போன பிறகு, பின்னக் கணக்கு எங்கே நின்றது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

அனுபவப்பட்ட வீடுகள் இதற்குச் சில வழிகளைக் கண்டுபிடித்திருக்கின்றன. ஆளுக்கொரு பாடத்தைத் தனித்தனியாக நடத்துவதை விட்டுவிடுகிறார்கள். கதை, சரித்திரம், விஞ்ஞானம் எல்லாம் எல்லாருக்கும் சேர்த்து ஒரே நேரத்தில். பெரியவள் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவாள், நடுப்பிள்ளை நாலு வரி எழுதுவான், சின்னது படம் வரையும். கணக்கும் வாசிப்பும் மட்டும் தனித்தனியாக, ஆளுக்கு இருபது நிமிடம். அதுவும் கைக்குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து. பால் கணக்கும் இஸ்திரிக் கணக்கும் எழுதும் பொறுப்பு ஒன்பது வயதுக்காரனுக்கு. தோசை மாவுக்கு அரிசியும் உளுந்தும் நாலுக்கு ஒன்று என்று அளந்து போடும்போதே விகிதமும் வந்துவிடுகிறது.

இதில் உண்மையான லாபங்கள் உண்டு. ஆறு வயதுக்குக் கதை படித்துக் காட்டும் அண்ணனின் வாசிப்பு, யாரும் சொல்லாமலே சீராகிறது. மெதுவாகப் புரிந்துகொள்ளும் பிள்ளை ஒரே கணக்கில் பத்து நாள் நிற்கலாம், ரேங்க் பயம் இல்லை. மதியத்துக்குள் பாடம் முடிந்துவிடுவதால் விளையாட நேரம் இருக்கிறது. ஒரே தொல்லை உறவுக்காரர்கள்தான். கல்யாண வீட்டில் எந்தப் பெரியவரும் கேட்கும் முதல் கேள்வி, “எந்த கிளாஸ் படிக்கிறே?” அதற்கு இந்தப் பிள்ளைகளிடம் சுருக்கமான பதில் இல்லை.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

2002-ல் வந்த 86-வது அரசியல் சட்டத் திருத்தம், 6 முதல் 14 வயதுவரையான பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பு அளிப்பது பெற்றோரின் கடமை என்றது. பள்ளி என்ற வார்த்தை அந்தக் கடமையில் இல்லை. 2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவில் அது வந்துவிட்டது. பிள்ளையை அருகமைப் பள்ளியில் தொடக்கக் கல்விக்குச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அது. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்துவோருக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. பிள்ளையைச் சேர்க்காத பெற்றோருக்கு எந்தத் தண்டனையும் சட்டத்தில் சொல்லப்படவில்லை. இந்த இடைவெளியில்தான் இந்தியாவின் வீட்டுவழிக் கல்வி மூச்சு விடுகிறது.

2011-ல் வீட்டில் படித்த 14 வயது டெல்லிச் சிறுமி ஒருவர் டெல்லி உயர்நீதிமன்றத்தை அணுகினார். விரும்பி வீட்டில் படிக்கவைப்பவர்களுக்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்காது என்று 2012-ல் மத்திய அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. பெற்றோர் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அரசு பிறகு அந்த நிலையிலிருந்து பின்வாங்கியது. அதாவது தடையும் இல்லை, அனுமதியும் இல்லை.

அரசு தயங்குவதற்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. வீட்டில் இருக்கும் பத்து வயதுப் பெண் படிக்கிறாளா, பாத்திரம் தேய்த்துத் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்கிறாளா என்பது தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. எத்தனையோ ஏழை வீடுகளில் மூத்த பெண்ணின் படிப்பு நின்றது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால்தான். பள்ளி அவளுக்குப் பாடத்தோடு மதியச் சாப்பாட்டையும் தருகிறது, வீட்டு வேலையிலிருந்து சில மணி நேர விடுதலையையும் தருகிறது. புத்தகம் நிறைந்த பெங்களூர் வீட்டுக்குத் திறக்கும் கதவு, இவளைப் பள்ளியிலிருந்து வெளியே தள்ளும் கதவாகவும் ஆகிவிடலாம்.

சான்றிதழ் என்னும் சாவி

எப்படிப் படித்தாலும் ஒரு நாள் பரீட்சை எழுதித்தான் ஆகவேண்டும். இங்கே பெரும்பாலானவர்கள் நம்பியிருப்பது தேசியத் திறந்தநிலைப் பள்ளியை. 1989-ல் தொடங்கிய இந்த நிறுவனத்தில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்கள் தேற வேண்டும். அவற்றை ஒரே மூச்சில் எழுதவேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. கைக்குழந்தையும் நாலு பாடத்திட்டமுமாகத் திண்டாடும் வீட்டுக்கு இது பெரிய சௌகரியம்.

இந்தச் சான்றிதழுக்கு எல்லாக் கதவுகளும் உடனே திறந்துவிடவில்லை. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதக் கூடாது என்றிருந்த விதியை டெல்லி உயர்நீதிமன்றம் 2018-ல்தான் ரத்து செய்தது.

சான்றிதழே இல்லாமல் சாதித்த கதை ஒன்றும் உண்டு. மும்பையில் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு பெண், வீட்டிலேயே கம்ப்யூட்டர் புரோகிராமிங்கில் மூழ்கி, சர்வதேச இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் வென்றார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி.யில் நுழைய முடியவில்லை. சென்னை கணிதக் கழகம் அவரை எம்.எஸ்சி. நிலைப் படிப்பில் சேர்த்துக்கொண்டது. 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. 17 வயதில் இடம் கொடுத்தது. பத்திரிகைகள் கொண்டாடிய இந்தக் கதையில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போன தகவல் ஒன்று உண்டு. மகளுக்குக் கற்பிப்பதற்காகத் தாய் தன் வேலையை விட்டிருந்தார்.

காந்தி வீட்டு வகுப்பு

இந்த நாட்டின் மிகப் பிரபலமான வீட்டுவழிக் கல்விக்காரர் காந்திதான். 1897 ஜனவரியில் டர்பனில் இறங்கியபோது அவருடன் மூன்று சிறுவர்கள் இருந்தார்கள். பத்து வயது சகோதரி மகன், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் சொந்த மகன்கள் இருவர். ஐரோப்பியர் பள்ளியில் சலுகையாக இடம் வாங்கியிருக்கலாம். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்குக் கிடைக்காததைத் தன் பிள்ளைகளுக்கு மட்டும் வாங்க அவர் விரும்பவில்லை. மாதம் ஏழு பவுன் சம்பளத்தில் ஓர் ஆங்கிலப் பெண்மணியை ஆசிரியையாக அமர்த்தினார். தாய்மொழியைத் தானே சொல்லிக்கொடுத்தார். பிற்பாடு ஜோகன்னஸ்பர்க்கில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடந்துபோகும்போது பிள்ளைகளையும் கூட்டிப்போய், பேச்சுவாக்கில் பாடம் நடத்தினார்.

1910-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியதும் குடும்பம் இன்னும் பெரிதாயிற்று. அங்கே இருந்த தமிழ்ப் பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. ஜி.யு. போப்பின் தமிழ்க் கையேட்டில் தான் கற்றதை வைத்து அவர்களுக்கு எழுத்தும் இலக்கணமும் சொல்லிக்கொடுத்தார் காந்தி. காலை நேரம் முழுதும் தோட்ட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போய்விடும். வகுப்புக்கு மிஞ்சியது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம்தான். ஆசிரியருக்கும் தூக்கம், மாணவர்களுக்கும் தூக்கம். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டும் சில நாள் பலிக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

தன் சுயசரிதையில் அவர் போட்ட கணக்கு இன்றைய பெற்றோருக்கு எந்தக் கல்வித் தத்துவத்தையும்விட உபயோகமானது. தினமும் ஒரு மணி நேரமாவது தவறாமல் பிள்ளைகளின் ஏட்டுப் படிப்புக்கு ஒதுக்கியிருந்தால் அவர்களுக்கு உன்னதமான கல்வி கிடைத்திருக்கும், அதைச் செய்ய முடியாமல் போனது தனக்கும் அவர்களுக்கும் வருத்தமே என்கிறார். மூத்த மகன் ஹரிலால் அந்தக் குறையைத் தந்தையிடம் நேரிலும் சொன்னார், பத்திரிகையிலும் சொன்னார். கடைசியில் தந்தையைப் பிரிந்து அகமதாபாத்துக்கு வந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். நோக்கத்தில் பழுதில்லை, ஆசிரியருக்கு அறிவும் குறைவில்லை. தவறிப்போனது அந்த ஒரு மணி நேரம்.

யாருடைய நேரம்?

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது எல்லா வீடுகளுக்கும் இந்தப் பாடம் கொஞ்சம் புரிந்தது. ஒரு செல்போனுக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்த வீடுகளில் பாடம் கிடைக்காமல் போனது பெரும்பாலும் மற்ற இருவருக்கு. பள்ளியின் மேல் எத்தனை புகார் இருந்தாலும், குறித்த நேரத்தில் ஒருவர் பிள்ளையின் முன்னால் வந்து நிற்பார் என்ற உறுதியை அது தருகிறது. வீட்டில் அந்த உறுதியைத் தரவேண்டியவர் பெரும்பாலும் தாய்தான். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கும் லீவுதான். அடுத்த பிரசவம் வந்தால் மூன்று மாதம் மூடல். அவர் விட்டுவிட்ட சம்பளமும் சர்வீஸும் எந்த ஃபீஸ் ரசீதிலும் எழுதப்படுவதில்லை.

தாய்க்கு அடுத்தபடி விலை கொடுப்பது மூத்த பிள்ளை. தம்பிக்குக் கதை படித்துக்காட்டுவது நல்ல பயிற்சி. தினமும் மூன்று மணி நேரம் தம்பி தங்கைகளைக் கவனிப்பது வேலை. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டைப் பெரிய குடும்பங்கள் தெரியாமலே தாண்டிவிடுகின்றன.

இதையெல்லாம் சமாளித்து நன்றாகவே நடத்தும் குடும்பங்கள் உண்டு. அங்கே தந்தை ஆபீஸ் போவதற்கு முன் கணக்கை எடுத்துக்கொள்கிறார். பாட்டி கதையும் கைக்குழந்தையும் பார்த்துக்கொள்கிறார். வாரத்தில் ஒரு நாள் நாலு பிள்ளைகளும் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், அடுத்த வாரம் அந்த வீட்டுப் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். மூத்தவளின் படிப்பு நேரத்தில் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பள்ளியை விடலாமா என்று யோசிக்கும் பெற்றோர் பாடத்திட்டம் தேடுவதற்கு முன் ஒரு காகிதத்தில் வாரத்தின் ஏழு நாட்களையும் எழுதி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தவறாமல் கிடைக்கப்போகும் ஒரு மணி நேரம் எது, அதைத் தரப்போவது யார் என்று பெயரோடு குறித்துப் பார்க்கலாம். எல்லாக் கட்டத்திலும் ஒரே பெயர் வந்தால், வேன் இன்னும் ஒரு வருஷம் வந்துபோகட்டும்.